மூன்றாவது சுருளில் அத்தை

பேய்க்கு எதற்கு வெள்ளைச் சேலை என்று பெரியநாயகி கேட்டபோது, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த மூன்று பையன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"இருட்டுல தெரியோணுமில்லீங்க" என்றான் தண்டாயுதபாணி.

"நாம பகல்லதான எடுக்கப் போறோம்?"

"பகல்ல எடுத்தாலும் படத்துல ராத்திரிதானுங்க."

அது 1982, ஆடி மாதம். சேலத்தில் அவர்கள் படித்த கல்லூரியில் புகைப்படக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதை நடத்திய இயற்பியல் விரிவுரையாளர் கண்ணுசாமி, இந்த வருடம் வெறும் போட்டோ வேண்டாம், நாலு நாலு பேராகச் சேர்ந்து சின்னதாக ஒரு சினிமா எடுங்கள் என்று சொல்லிவிட்டார். மற்ற குழுக்கள் ஏற்காட்டையும் மேட்டூர் அணையையும் எடுக்கக் கிளம்பின. இவர்கள் பேய்ப்படம் என்று முடிவு செய்தார்கள்.

முடிவு செய்தவன் மருதாசலம். குமாரபாளையத்தில் அவன் அப்பாவுக்குப் பத்துப் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடின. வாரத்துக்கு இரண்டு படம் பார்ப்பான், எந்தப் படத்தையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டான். அதனாலேயே அவனை இயக்குநர் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தண்டாயுதபாணியின் மாமா கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்த எட்டு மில்லிமீட்டர் கேமரா இவன் கையில் இருந்தது. கதை எழுதியது அருணகிரி. அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊர், அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தாள். கழகத்தில் இருந்த இரண்டே பெண்களில் பெரியநாயகி ஒருத்தி. இன்னொருத்தி பேய் என்றதும் மேட்டூர் அணைக் குழுவுக்குப் போய்விட்டாள்.

கதை இதுதான். சைக்கிளில் வரும் ஒருவன் தோட்டத்துக் கிணற்றோரம் நிற்கும் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறான். அவள் கொடுக்கிறாள். குடித்துவிட்டு நிமிர்ந்தால் அவளைக் காணோம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீரில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. பயந்து ஓடுகிறான்.

பேச்சுக் கிடையாது. கேமராவில் ஒலி வராது என்பதால் நாய் ஊளையையும் கொலுசுச் சத்தத்தையும் டேப்பில் பதிந்து பக்கத்திலேயே ஓட்டிக்கொள்வதாகத் திட்டம். மூன்று சுருள் வாங்கினார்கள். ஒரு சுருள் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும்.

பெரியநாயகியின் வீடு வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு படம் எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் அவள் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடித்தார். கடைசியில், "உங்கத்தயக் கூட்டீட்டுப் போறதுன்னாப் போ" என்றார்.

அத்தை என்றால் அவர் தங்கை சென்னியம்மாள். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் பம்பாய் ரோட்டில் ஒரு விபத்தில் போனபிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆயிற்று. குழந்தை இல்லை. அவர்கள் குடும்ப வழக்கப்படி அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. கல்யாண வீடுகளில் அவள் பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். காலையில் யாராவது வெளியே கிளம்பினால் தானாகவே மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரைப் பக்கம் நகர்ந்துபோய்ச் சோளத்தட்டுப் போட ஆரம்பித்துவிடுவாள். அவளை நகரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. பெரியநாயகிக்கு அது அத்தையின் சுபாவம் என்றுதான் பட்டிருந்தது.

பேய்க்குச் சேலை வேண்டுமே என்று அத்தையிடமே போய் ஒன்று கேட்டாள். அத்தை கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"இதயா? கன்னிப்புள்ள இதக் கட்டப்படாது. உங்கம்மாளுக்குத் தெரிஞ்சா ஊட்டையே ரண்டாக்கிருவா."

"நடிப்புக்குத்தான அத்தெ."

"நடிப்புக்குன்னாலும் மேலதான கட்டோணும்? வேண்டாஞ் சாமி."

அதற்கு மேல் பெரியநாயகி கேட்கவில்லை. மருதாசலம் அப்பாவின் எட்டுமுழ வேட்டி ஒன்றைக் கரையை உள்ளே மடித்துத் தைத்துக் கொண்டுவந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. அருணகிரியின் ஊரில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. முன்பு மாடு கட்டி நீர் இறைத்ததன் அடையாளமாக இரண்டு கல் தூண்கள் மட்டும் கிணற்று மேட்டில் நின்றன. சுற்றிலும் சோளக் காடு. தண்டாயுதபாணி கேமராக் கண்ணுக்கு முன்னால் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தான். இப்படி எடுத்தால் உச்சிவெயில்கூட நிலா வெளிச்சமாகிவிடும் என்றான்.

அத்தை சோற்றுப் போசியைப் புளியமரத்து நிழலில் வைத்துவிட்டு, காவலுக்கு வந்தவளாகத்தான் முதலில் உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் அவளால் அப்படி உட்கார முடியவில்லை. முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று வைத்திருந்தார்கள். காற்றில் அது பறந்து பறந்து போனது.

"ஏனுங்க தம்பி, அத நாம் புடிச்சுக்கட்டுங்களா?" என்று எழுந்து வந்தாள்.

அதற்கப்புறம் அவளை உட்கார வைக்க முடியவில்லை. அட்டையை எந்தச் சாய்வில் பிடித்தால் வெளிச்சம் பெரியநாயகியின் கன்னத்தில் விழுகிறது, எந்தச் சாய்வில் கண்ணைக் கூச வைக்கிறது என்று தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்டாயுதபாணி கேமராவை ஒருமுறை அவள் கண்ணில் வைத்துக் காட்டினான். "அடேயப்பா, நீலக்கலரா நிக்கறாளே எம் மருமவ" என்று சொல்லிச் சிரித்தாள். அத்தை அப்படிச் சத்தமாகச் சிரித்துப் பெரியநாயகி கேட்டு வெகு நாளாகியிருந்தது.

படப்பிடிப்பு முழுவதும் சிரிப்பாகத்தான் போனது. தலையை விரித்துப் போட்டு முகம் பூராவும் பவுடர் பூசிக்கொண்டு பெரியநாயகி தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். காற்று முடியை வாயில் கொண்டுவந்து அடைக்கும். தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டிய அருணகிரிக்கு அவளைப் பார்த்ததும் புரையேறும். "டேய், பயப்படுடா" என்று மருதாசலம் கத்துவான். "இவங்களப் பார்த்து எப்படிடா பயப்படறது?" என்பான் அருணகிரி. கிணற்றுத் தண்ணீரில் முகம் தெரியும் காட்சிக்காக ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி எடுத்தார்கள். அதிலும் அவள் பல் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் மூன்று சுருளும் முடிந்தன. மருதாசலம் திருப்தியில்லாமல் பஸ் ஏறினான்.

சுருள்களைப் பம்பாய்க்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். திரும்பி வர ஒன்றரை மாதத்துக்கு மேலாயிற்று. நெகட்டிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. கேமராவில் ஓடிய அதே படச்சுருள்தான் கழுவித் திரும்ப வரும், வெட்டினால் வெட்டியதுதான். ஆய்வுக்கூடத்தின் சன்னலை அடைத்துவிட்டு நான்கு பேரும் உட்கார்ந்து முதல் இரண்டு சுருளைப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே இருந்தது. வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் நிற்கிறாள், ஒரு பையன் வாயைத் திறந்து மூடுகிறான்.

மூன்றாவது சுருளின் கடைசியில் அது வந்தது.

சைக்கிள் தூரத்தில் போய் மறைகிறது. சோளக் காடு நீலமாக அசைகிறது. கிணற்று மேடு காலியாக இருக்கிறது. பிறகு, எப்போது வந்தது என்று சொல்ல முடியாதபடி, கல் தூணுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு உருவம் நிற்கிறது. தலையில் முக்காடு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அது அசையவில்லை. எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. முந்தானை மட்டும் காற்றில் ஒருபக்கமாக இழுபடுகிறது.

அருணகிரி தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். புரொஜெக்டர் விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

உருவம் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியதும் முதலில் அடையாளம் கண்டவள் பெரியநாயகி. "அய்யோ, எங்கத்தைங்க!" என்று சிரித்துவிட்டாள்.

அப்புறம்தான் நடந்தது விளங்கியது. கடைசிக் காட்சியை எடுக்கும்போது அவளுக்கு வேலையில்லை. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் பவுடரைக் கழுவப் போயிருந்தாள். அவளைக் காணவில்லை என்று அத்தை தேடிக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறி நின்றிருக்கிறாள். வெயிலுக்கு முக்காடு போட்டிருந்தாள். தண்டாயுதபாணியின் கண் சைக்கிள் மேலேயே இருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை.

"இதுதாண்டா படம்" என்றான் மருதாசலம். அவன் குரல் மாறியிருந்தது. "இதுக்கு முன்னால இருக்கறதெல்லாம் சும்மா. இதக் கடைசீல வெச்சு, உருவம் நிக்கறபோதே பட்டுன்னு வெட்டிறோணும்."

தண்டாயுதபாணி அப்படியே வெட்டி ஒட்டினான். நான்கு பேருக்கும் அன்று சந்தோஷம். பெரியநாயகி பஸ்ஸில் போகும்போதுகூட நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. திரையில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கல்லூரி அரங்கில் எல்லாக் குழுக்களின் படங்களையும் போட்டார்கள். வீட்டார் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அத்தை வருகிறேன் என்றாள். "நாம் புடிச்ச அட்டையில வெளிச்சம் எப்பிடி உழுந்திருக்குதுன்னு பாக்கோணும்" என்றாள். அம்மா முகத்தைச் சுளித்தாலும் அப்பா சரி என்றுவிட்டார். துவைத்துக் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, நடுவரிசையில் பெரியநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏற்காடு போனது, மேட்டூர் அணை போனது. இவர்கள் படம் ஆரம்பித்ததும் பின்வரிசையில் விசில். பெரியநாயகி திரையில் எட்டிப் பார்த்ததும் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நாய் ஊளையிட்டபோது இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து ஊளையிட்டார்கள். அத்தை அவள் தொடையைத் தட்டி, "பாரு பாரு, அந்த வெளிச்சம் நாம் புடிச்சது" என்றாள்.

பிறகு கிணற்று மேடு வந்தது. உருவம் நின்றது.

அரங்கத்தில் ஊளை நின்றது. பிறகு முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள். அதைத் தொடர்ந்து பல பேர். ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திரை வெள்ளையானது. விளக்குகள் எரிந்தன.

கைதட்டல் எழுந்தது. மருதாசலம் சுவரோரம் நின்றுகொண்டு பல்லைக் காட்டாமல் இருக்கப் பாடுபட்டான். அப்போது முன்வரிசையில் அலறிய பெண் மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பினாள். திரும்பியவள் அத்தையைப் பார்த்தாள். "அம்மா!" என்று மறுபடியும் ஒரு துள்ளல். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "ஏய், இவங்கதாண்டி அது!" என்றாள்.

தலைகள் திரும்பின. வரிசை வரிசையாகத் திரும்பின. சிலர் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. எட்டிப் பார்ப்பதற்காகப் பின்னால் சிலர் எழுந்து நின்றார்கள். அத்தை முதலில் இருந்த புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டது.

ராசிபுரம் பஸ்ஸில் இருவரும் உட்கார இடம் கிடைத்தது. மல்லூர் தாண்டும்வரை அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கோவமா அத்தெ?"

"கோவமென்ன. நல்லாத்தான இருந்துச்சு படம்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பினாள்.

"ஏம் புள்ள, எனக்கு மொதல்ல அது நாந்தான்னு தெரியில. எல்லாருங் கத்தறதுக்கு முந்தியே எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. ஆரோ நிக்குதுன்னு நானுந்தாம் பயந்தேன். அப்பறந்தாஞ் சேலையப் பாத்து…"

பெரியநாயகி அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை. மறுநாள் காலையில் அப்பா சந்தைக்குக் கிளம்பியபோது அத்தை வழக்கம்போல் கட்டுத்தரைப் பக்கம் நகர்ந்ததைப் பெரியநாயகி பார்த்தாள். இத்தனை வருடம் தினமும் பார்த்ததுதான். அன்றைக்கு அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் கண்ணுசாமி ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டு, எடுத்த படத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசச் சொன்னார். என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன ஆயிற்று, அவ்வளவுதான் கேள்வி. பேய்ப்படக் குழுவுக்குக் கடைசியில் முறை வந்தது. மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

மருதாசலம் தயாராக வந்திருந்தான். பயம் என்பது காட்டுவதில் இல்லை, காட்டாமல் விடுவதில் இருக்கிறது, முகம் தெரியாததால்தான் அந்த உருவம் வேலை செய்தது என்றான். கோயமுத்தூரில் தை மாதம் மாணவர் குறும்படங்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது, இந்தப் படத்தை அனுப்ப வேண்டும் என்றான்.

தண்டாயுதபாணி எழுந்து, "அது நாங்க எடுத்ததில்லீங்க சார், தானா உழுந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அருணகிரி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு பக்கம் கதை எழுதினேன் சார். கொலுசு, நாய், கிணறு எல்லாம் எழுதினேன். எதுக்கும் ஒருத்தரும் பயப்படல. ஒரு அம்மா பட்டப்பகல்ல நின்னதுக்குப் பயந்தாங்க. எங்கப்பாவும் இல்ல, எங்கம்மாவும் விதவைதான். ஆனா கூலிக்குப் போறவங்க, கிடைச்ச சேலையக் கட்டுவாங்க. அவங்க அந்த இடத்துல நின்னிருந்தா யாரும் கத்தியிருக்க மாட்டாங்க. அப்போ நாம எதைப் பார்த்துக் கத்தினோம்னு அன்னிலேருந்து யோசிக்கிறேன்."

பெரியநாயகியின் முறை. பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தாள், ஆனால் அதைப் படிக்கவில்லை. பஸ்ஸில் அத்தை சொன்னதை மட்டும் சொன்னாள். பிறகு, "அந்த இடத்த வெட்டிறலாமுங்க" என்றாள்.

"வெட்டறதா? அத வெட்டீட்டா அப்பறம் என்னங்க இருக்குது?" என்று மருதாசலம் எழுந்துவிட்டான். "அன்னிக்கு இதே ரூம்புல நீங்களுஞ் சிரிச்சீங்களே."

"சிரிச்சேன். எங்கத்தைன்னு தெரிஞ்சதால சிரிச்சேன். தெரியாதவங்களுக்கு அது என்னன்னு நான் யோசிக்கல."

"சினிமான்னா அப்பிடித்தானுங்க. ஆளு வேற, படத்துல வர்றது வேற."

"அவங்களுக்கே அவங்க பேயாத்தான தெரிஞ்சாங்க, மருதாசலம்."

கண்ணுசாமி இருவரையும் பார்த்தார். "சம்பந்தப்பட்டவங்களக் கேட்டீங்களா?" என்றார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பூட்டிவிட்டு வரச் சொல்லிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வெண்ணந்தூர்த் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பா பையன்களுக்குக் கட்டில் போட்டு, மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார். அத்தை மோர்ச் சொம்போடு வந்தாள். என்ன விஷயமென்று தெரிந்ததும் சொம்பை வைத்துவிட்டுக் களத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

மருதாசலம் தன் பக்கத்தை மறைக்காமல் சொன்னான். "அக்கா, அது நீங்கன்னு ஆரும் நெனைக்கமாட்டாங்க. கோயமுத்தூர்ல உங்கள ஆருக்குந் தெரியாது. ஆனா உங்குளுக்கு மனசுக்கு வருத்தமுன்னாச் சொல்லுங்க, எடுத்தர்றோம்."

"எடுத்து என்னங் கண்ணு பண்ணுவீங்க?"

"கீழ போட வேண்டியதுதானுங்க."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "நான் இன்னொருக்காப் பாக்கோணுமே."

தண்டாயுதபாணி ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்திருந்தான். புரொஜெக்டர் இல்லாததால் சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். விரல்நகத்தைவிடச் சின்னப் படங்கள். அத்தை ஓரத்தை மட்டும் பிடித்துச் சூரியனுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அதே டப்பாவில் வெட்டிப்போட்ட துண்டுகளும் சுருண்டு கிடந்தன. "இது?" என்று அதில் நீளமான ஒன்றை எடுத்தாள்.

"அது அதோட மிச்சமுங்க. சைக்கிள் மறஞ்சதும் கண்ண எடுத்துட்டு, சுருளு தீரட்டும்னு வெரல மட்டும் எடுக்காமப் புடிச்சிருந்தேன்."

அத்தை அதையும் வெயிலில் பிடித்தாள். அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"இங்க பாரு புள்ள. நாம் மேட்டுல இருந்து எறங்கி வாரேன். இந்தா, உன்னயக் கூப்புடறேன், வாயி தெறந்திருக்குது. இங்க கேமராவப் பாத்துட்டேன்… அய்யய்ய, வாயப் பொத்தீட்டுச் சிரிக்கறதப் பாரு." அவள் இப்போதும் சிரித்தாள். பிறகு மருதாசலத்தைப் பார்த்துக் கேட்டாள். "இவ்வளவு இருக்குது, இத ஏனுங் கண்ணு போடல?"

"கிட்ட வந்து சிரிச்சாப் பயம் போயிருமுங்கக்கா."

"போவட்டுமே."

மருதாசலம் அந்தத் துண்டை வாங்கித் தானும் வெயிலில் பிடித்தான். களத்தில் கோழி ஒன்று காய்ந்த சோளத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. அத்தை அதை விரட்ட எழுந்தவள், நின்று, "நிக்கறது மட்டும் போட்டா அது நானில்ல. நடந்து வாரதயுஞ் சேத்துப் போட்டா இருக்கட்டும். இல்லீன்னா எடுத்தருங்க" என்றாள். கோழியை விரட்டப் போய்விட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் மருதாசலம் வாதாடினான். படம் பேய்ப்படமாகவே இருக்காது, கடைசியில் வீட்டுப் படமாக ஆகிவிடும் என்றான். அருணகிரி, ஆகிவிட்டுப் போகட்டும் என்றான். தண்டாயுதபாணி ஒட்டுவதற்கு டேப் இருக்கிறதா என்று மட்டும் யோசித்தான். மருதாசலம் இயக்குநர், அவன் வேண்டாமென்றால் மற்றவர்கள் மீறியிருக்கமாட்டார்கள். பஸ் சேலத்துக்குள் நுழையும்போது, "சரி, ஒட்டித் தொலைங்கடா" என்றான். அதன்பிறகு இரண்டு வாரம் பெரியநாயகியிடம் அவன் பேசவில்லை.

கோயமுத்தூருக்கு நான்கு பேரும் போனார்கள். அத்தை வரவில்லை, தோட்டத்தில் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே பெரிய அரங்கம், தெரியாத முகங்கள். அத்தை உருவமாக நின்றபோது அங்கேயும் கத்தினார்கள். பெரியநாயகி திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருவம் மேட்டிலிருந்து இறங்கி நடந்து வரத் தொடங்கியதும் சத்தம் இன்னும் கூடியது. கிட்டே வந்து, முக்காடு காற்றில் நழுவி, நெற்றியில் வியர்வையோடு ஒரு பெண்ணின் முகம் தெரிந்ததும் சத்தம் அப்படியே அடங்கியது. அவள் வாயைப் பொத்திச் சிரித்தபோது எங்கோ ஒருவர் சிரித்தார், இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பலர் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

பரிசு எதுவும் வரவில்லை. நடுவர்களில் ஒருவர் மேடையில் பேசும்போது, இந்தப் படம் நன்றாகப் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் தானே அதைக் கெடுத்துக்கொண்டது என்றார். மருதாசலம் திரும்பிப் பெரியநாயகியைப் பார்த்தான். சொன்னேனா இல்லையா என்று அந்தப் பார்வை கேட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் பட்டது. பேய்ப்படமாக அது தோற்றுத்தான் போயிருந்தது. ஆனாலும் அவளுக்கு வருத்தம் வரவில்லை.

வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கதர்ச் சேலை கட்டிய ஒரு அம்மாள் அவர்களிடம் வந்தார். எந்த ஊர், என்ன படிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் கடைசீல வந்தாங்களே, அவங்க ஆருங்க?" என்றார்.

பெரியநாயகி வாயெடுப்பதற்குள் மருதாசலம் சொன்னான். "இவங்களோட அத்தைங்க. சென்னியம்மாள்னு பேரு. வெண்ணந்தூரு."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. பருத்தி எடுத்துட்டு இருக்காங்க" என்றாள் பெரியநாயகி.

அந்த அம்மாள் தலையசைத்துவிட்டுப் போனார். கேமராவைப் பற்றியோ, நீலத்தாளைப் பற்றியோ, பேயாக நடித்தது யார் என்றோ அவர் கேட்கவே இல்லை. மருதாசலம் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன திசையையே பார்த்தான்.

பரீட்சை முடிந்து கடைசி நாளன்று அவன் நாலைந்து தாள்களோடு அவளிடம் வந்தான். இன்னொரு படம் எடுக்கலாமென்று இருக்கிறது, அருணகிரியும் இவனும் சேர்ந்து எழுதியது, இதில் பேய் கிடையாது என்றான். பிறகு தயங்கி, "அக்கா நடிப்பாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றான்.

அன்று சாயங்காலம் பெரியநாயகி தாள்களை எடுத்துக்கொண்டு போனபோது அத்தை கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஆச்சரியமோ வெட்கமோ தெரியவில்லை.

"கதை என்னன்னு மொதல்ல படிச்சுச் சொல்லு" என்றாள். "புடிச்சிருந்தா வாரேன்."